பார்த்ததற்கும் கொடுத்ததற்கும் நடுவில்

கைதட்டல் ஓய்ந்தபோது பெரியவள் தன் தட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு பட்டாணியை முள்கரண்டியால் நான்காவது முறையாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அவளுக்கு அல்ல. சின்னவளுக்கு. ஆறு மாதத்தில் இது மூன்றாவது.

பெரியவள், சின்னவள் என்பதெல்லாம் மாமியார் வைத்த பெயர்கள். அண்ணன் கீழ் வீட்டிலும் தம்பி மாடியிலும் குடியிருக்க, அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த இருவரும் ஓரகத்திகள். வீட்டில் ஒரே கூரை போதாதென்று அலுவலகத்திலும் ஒரே கூரை. மருத்துவமனை வார்டுகளில் நர்ஸ் மேஜை மேல் இருக்கும் கணினிகளுக்கு இயங்குதளம் செய்யும் நிறுவனம் அது. அங்கே பதினோரு வருடமாகப் பெரியவள் சேவைகள், அதாவது கணினிக்குள் திரைமறைவில் ஓடும் நிரல்கள், எழுதுகிறாள். ஆறு மாதமாகச் சின்னவள் மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை தேடி உடைக்கிறாள். உடைப்பதற்கு என்றே ஒரு குழு, அதற்குச் சம்பளம் வேறு, ஓட்டை கிடைத்தால் கைதட்டல் வேறு.

அந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்து கடிதம் எழுதியது யார்? சாட்சாத் பெரியவளேதான். படித்த பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்ற நல்லெண்ணம். இப்போது அந்தக் கடிதத்தை நினைத்தால் தன் வலது கையையே முறைத்துப் பார்க்கத் தோன்றியது.

"மேடம், உங்க வீட்டுத் தண்ணியில என்ன கலக்குறீங்க? நாங்களும் குடிச்சுப் பாக்குறோம்" என்றார் எதிரே இருந்த 'சரி சார்'. எதைக் கேட்டாலும் சரி என்று சொல்பவர் என்பதால் அந்தப் பெயர்.

"அவ மாடி. எங்களுக்குக் கீழ் டேங்க்" என்றாள் பெரியவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டினாள்.

திங்கட்கிழமை சேவைகள் பிரிவுக்குத் தலைமை யார் என்று அறிவிக்கப்போகிறார்கள். பதினோரு வருடம் காத்திருந்த நாற்காலி. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அது அவளுக்குத்தான் என்று காபி இயந்திரத்துக்குக்கூடத் தெரியும். அப்படி இருக்கும்போது இந்தச் செவ்வாய்க்கிழமைக் கைதட்டல் அவளுக்கு ஏன் இப்படி எரிய வேண்டும்?

எரிந்தது. அவ்வளவுதான்.

மாலையில் காரில் சின்னவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைத் திருகிக்கொண்டே வந்தாள். இரண்டாவது சிக்னலில் வாய் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"கையளிப்பான்ல ஒரு இடுக்கு இருக்கு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சையானதைப் பெரியவள் கவனிக்கவே இல்லை.

கையளிப்பான் அவள் பெற்ற பிள்ளை. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து எழுதிய சேவை. கணினியில் ஏதாவது ஒரு நிரல் பாதியில் செத்து விழுந்தால், சாவதற்கு முன் அது ஒரு குறிப்பு எழுதி வைக்கும். கையளிப்பான் அந்தக் குறிப்பை எடுத்து, யாருடைய நிரலோ அவரிடம், 'இது இனி உன் சொத்து' என்று ஒப்படைக்கும். எல்லோருடைய கோப்புகளையும் தொட வேண்டிய வேலை என்பதால் அதற்குக் கணினியின் முழு அதிகாரமும் உண்டு.

"முதல்ல ஃபைல் யாருதுன்னு பாக்குது, சரியா? பாத்துட்டு, அப்புறமா ஒப்படைக்குது" என்றாள் சின்னவள். "வாசல்ல காவலாளி அடையாள அட்டைய வாங்கிப் பாக்குறாரு. சரின்னு திரும்பி கதவத் திறக்கப் போறாரு. அவர் திரும்புற அந்த நேரத்துல ஆள் மாறிட்டா? அவர் பாத்தது ஒருத்தர, உள்ள விட்டது இன்னொருத்தர. நான் அந்த நடு நேரத்துல குறிப்ப எடுத்துட்டு, அதே பேர்ல அதிகாரப் பட்டியலுக்கு ஒரு வழி வச்சுடறேன். உங்க சர்வீஸ் அந்தப் பட்டியல என் கையில குடுத்து, இது உன் சொத்துங்குது."

யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுதியிருக்கும் பட்டியல் அது. அதை ஒருவன் சொந்தமாக்கிக்கொண்டால் அந்தக் கணினிக்கு அவன்தான் ராஜா. வார்டில் நோயாளியைப் பார்க்க வந்த எவனோ, நர்ஸ் எழுந்து போன சமயத்தில் மேஜையில் உட்கார்ந்து, எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து எவ்வளவு என்பதைத் திருத்தலாம்.

"அந்த நடு நேரம் எவ்வளவு இருக்கும்? கண் இமைக்கிறதுல ஆயிரத்துல ஒண்ணு" என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"முந்நூறு தடவைக்கு ஒரு தடவ ஜெயிக்குதுக்கா. அதச் செய்யற நிரலுக்கு இடுக்கின்னு பேர் வச்சிருக்கேன், உங்க ஃபோல்டர்ல போட்டுட்டேன். வியாழக்கிழமை கூட்டத்துல காட்டணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரல."

மனசு வரலையாம். பெரியவள் வண்டியை நகர்த்தினாள். கருணை காட்டுகிறாள். பிச்சை போடுகிறாள். கூட்டத்தில் முகத்தில் கரி பூசப் போகிறவள், இரண்டு நாள் முன்னதாகக் கண்ணாடி கொண்டுவந்து கொடுக்கிறாள்.

"நல்லதும்மா" என்றாள். "முந்திச் சொன்னியே, அதுவே பெருசு."

புதன்கிழமை காலை, பல் வலி, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெரியவள் பஸ் பிடித்து ஆறே முக்காலுக்கு அலுவலகம் போனாள். தன் புத்தம்புதிய கணினியில் முதலில் இடுக்கியைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. அழகாக எழுதியிருந்தாள் பாவி. ஓட்டினாள். இருநூற்றுத் தொண்ணூறாவது முறை ஜெயித்தது.

முறையாகச் சரிசெய்ய வேண்டுமானால், முதலில் குறிப்பைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, பிடித்ததையே பார்த்து, பிடித்ததையே ஒப்படைக்க வேண்டும். அப்போது நடுவில் யாரும் எதையும் மாற்ற முடியாது. ஆனால் அதற்குப் பாதிச் சேவையைத் திருப்பி எழுத வேண்டும். மூன்று நாள் வேலை. ஊருக்கே தெரிந்துவிடும்.

அவளுக்கு வேண்டியது வியாழக்கிழமை கூட்டத்தில் அந்த நிரல் தோற்பது. அவ்வளவே.

எனவே இரண்டாவது பார்வை ஒன்றைச் சேர்த்தாள். காவலாளி அட்டையைப் பார்ப்பார், கதவருகே போவார், திறக்குமுன் திரும்பி இன்னொரு முறை பார்ப்பார். முதல் பார்வை முடிந்ததும் கணக்குப் பண்ணி ஆளை மாற்றும் இடுக்கி, இரண்டாவதில் வசமாக மாட்டிக்கொள்ளும். அதோடு விட்டிருக்கலாம். பெருமை விடவில்லை. நாளை யாராவது கேட்டால் தனக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று, இரண்டாவது பார்வை முடிந்த கையோடு பதிவேட்டில் ஒரு வரி எழுத வைத்தாள்: 'இருமுறை சரிபார்க்கப்பட்டது.'

இடுக்கியை ஓட்டினாள். பத்தாயிரம் முறை. ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை.

திருத்தத்துக்கு 'வரிகள் ஒழுங்குபடுத்தல்' என்று தலைப்புக் கொடுத்து, ஒப்புதலுக்கு யாருக்கு அனுப்புவது என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி சாருக்கு அனுப்பினாள். எட்டு மணிக்கு அவர் வந்தார். எட்டு மூன்றுக்கு, 'சரி' என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை கூட்டம் நடத்தியவர் வெள்ளிக்கிழமையார். குழுக்களுக்கெல்லாம் மேலாளர். எந்த வேலையானாலும், "வெள்ளிக்கிழமை போயிடணும்" என்பதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் கிடையாது. நாளை மதியம் மூன்று மணிக்குப் புதிய பதிப்பு நாற்பது மருத்துவமனைகளுக்குப் போகிறது. இன்று மாலை ஐந்துக்கு மேல் யாரும் ஒரு வரியைத் தொட முடியாது, உறைய வைத்துவிடுவார்கள்.

சின்னவள் திரைக்கு முன் நின்று இடுக்கியை ஓட்டினாள். எண்கள் ஓடின. முந்நூறு. ஆயிரம். நாலாயிரம்.

"நேத்து காலைல வரைக்கும் ஜெயிச்சுது சார்."

"நேத்து வரைக்கும் எனக்குக்கூட முடி இருந்துச்சு" என்றது பின்வரிசையில் ஒரு வழுக்கை. அறை குலுங்கியது.

ஒன்பதாயிரம். சின்னவளின் காது மடல் சிவப்பதைப் பெரியவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குவது போல் இருந்தது.

"போகட்டும் சார், சின்னப் பொண்ணு" என்றாள் பெரியவள். "அவளும் கஷ்டப்பட்டுத்தானே தேடியிருக்கா."

சின்னவள் திரும்பி அவளை ஒரே ஒரு முறை பார்த்தாள். அப்புறம் கணினியை மூடினாள். "மன்னிச்சுக்குங்க சார். எல்லார் நேரத்தையும் வீணாக்கிட்டேன்."

அன்று மாலை வீட்டில் மாமியார் மாடிப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சின்னவ சாப்பாடு வேணாம்னுட்டா. ஆபீஸ்ல ஏதாச்சும் நடந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. கைதட்டல் கேட்டுக் கேட்டு வயிறு நிறைஞ்சிருக்கும்."

"என்ன இப்படிப் பேசற?" என்றான் கணவன், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே. "அந்தப் பொண்ணு நேத்துகூட, அக்கா கோட் மாதிரி சுத்தமா யாரும் எழுத முடியாதுன்னு தம்பிகிட்ட சொல்லிட்டிருந்துச்சு."

பெரியவள் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த அடுப்பு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வார்டுக் கணினி அறையைத் திறந்தாள். பழைய மருத்துவமனைக் கணினிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் அறை அது. சேவை எழுதியவர்களிடம் மட்டும்தான் சாவி உண்டு. ஒவ்வொரு பதிப்பும் வெளியே போகுமுன் அவரவர் சேவையை இங்கே ஓட்டிப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நிஜ வார்டுகளில் இருப்பவை இந்தக் கிழடுகள்தானே. இயக்கினால் எழுந்திருக்கவே பெருமூச்சு விடும். உள்ளே தகவலை எழுதி வைக்கும் வட்டு சுழலும் சத்தம் வெளியே கேட்கும்.

கையளிப்பான் ஒழுங்காக வேலை செய்தது. பேனாவைத் திறந்தாள்.

கையெழுத்துப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நேற்றுப் பார்த்த அந்தச் சிவந்த காது மடல் ஞாபகம் வந்தது. இன்னொரு முறை ஜெயித்துப் பார்க்க ஆசை வந்தது. ஃபோல்டரிலிருந்து இடுக்கியை எடுத்து, அந்தக் கணினியில் ஏற்றி ஓட்டிவிட்டாள்.

ஒன்று. இரண்டு. பத்து. கிழட்டு வட்டு கரகரத்தது. முப்பது. முப்பத்தேழு.

எண் நின்றது. திரையில் ஒரு வரி: 'நீங்கள் இப்போது முழு அதிகாரி.'

பெரியவளின் கையில் இருந்த பேனாவிலிருந்து தாளில் ஒரு புள்ளியாக மை கசிந்தது. மறுபடி ஓட்டினாள். இருபத்திரண்டில் ஜெயித்தது. மறுபடி. ஒன்பது.

பதிவேட்டைத் திறந்தாள். அவள் பெருமைக்குச் சேர்த்த வரி அங்கே பல்லிளித்துக்கொண்டிருந்தது. 'இருமுறை சரிபார்க்கப்பட்டது.' அதற்கு நேர் கீழே, அதிகாரப் பட்டியல் ஒப்படைக்கப்பட்டதாக இன்னொரு வரி. புரிந்துவிட்டது. தன் புதுக் கணினியில் அந்த ஒரு வரியை எழுத நேரமே ஆகாது. இந்தக் கிழட்டு வட்டில் அது ஒரு கொட்டாவி நேரம். காவலாளி இரண்டாவது முறை அட்டையைப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, 'பார்த்தேன்' என்று எழுதி முடிக்கும் வரை கதவருகே யார் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். இடுக்கை அவள் மூடவில்லை. வாசலாக்கி வைத்திருக்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. வெள்ளிக்கிழமையார் தலையை மட்டும் நீட்டினார்.

"கையெழுத்து ஆச்சா மேடம்? எல்லாரும் போட்டாச்சு. உங்க ஒண்ணுதான் பாக்கி."

அவள் திரையைத் தன் தோளால் மறைத்தாள். "பத்து நிமிஷம் சார்."

"எடுத்துக்குங்க. திங்கக்கிழமைல இருந்து உங்க கையெழுத்துக்குத்தானே நாங்க எல்லாம் நிக்கணும்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

பத்து நிமிடம். பெரியவள் வேகமாகக் கணக்குப் போட்டாள். சத்தமில்லாமல் அந்த வரியைத் தூக்கிவிடலாமா? முடியாது, உறைந்துவிட்டது. உறைந்ததைத் திறக்க வேண்டுமென்றால் ஓட்டையை மேலாளர் கண்ணெதிரே நிகழ்த்திக் காட்டி, படிவத்தில் கண்டுபிடித்தவர் பெயரை எழுத வேண்டும். யார் பெயர்? சரி, வாயை மூடிக்கொண்டு ஆறு வாரம் கழித்து அடுத்த பதிப்பில் சரிசெய்தால்? ஆறு வாரம் நாற்பது மருத்துவமனைகளில், நர்ஸ் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் வாசல் திறந்து கிடக்கும்.

திங்கட்கிழமை நாற்காலி கண்முன் வந்தது. அதில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆறு வாரமும் ஏதாவது மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடினாள்.

சின்னவள் தன் மேஜையில் வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவளைக் கண்டதும் எழுந்தாள், கூப்பிடும் முன்பே.

"வார்டுக் கணினி அறைக்கு வா. உன் இடுக்கி ஜெயிக்குது."

"எத்தனாவதுல?"

"ஒம்பது."

சின்னவள் கணக்காகத் தலையாட்டினாள், கடைக்காரர் சொன்ன விலை சரியாக இருப்பதுபோல.

"உனக்குத் தெரியுமா?"

"புதன்கிழமை காலை ஏழு அம்பது. வரிகள் ஒழுங்குபடுத்தல். உங்க பேரு, சரி சார் ஒப்புதல்" என்றாள் சின்னவள், தாழ்ந்த குரலில். "பல் வலி எப்படி இருக்குக்கா?"

பெரியவளுக்கு நிஜமாகவே பல் வலித்தது. "கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? என் ஓரகத்தி ஒளிச்சுட்டாங்கன்னா? விடிய விடிய சிரிச்சிருப்பாங்க. கூட்டம் முடிஞ்சு உங்க திருத்தத்தப் படிச்சேன். அந்தப் பதிவேட்டு வரியப் பாத்ததும் பழைய வட்டுல என்ன ஆகும்னு தெரிஞ்சு போச்சு. ஆனா நிரூபிக்க அந்த ரூம் வேணும். சாவி கேட்டேன், உடைக்கிற குழுவுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. உங்ககிட்டதான் இருக்கு."

"அதனால?"

"அதனால இடுக்கிய மாத்திட்டேன். முதல் பார்வைக்குக் காத்திருந்தது இப்போ உங்க வரிக்குக் காத்திருக்கும். அதே பேரு, அதே ஃபோல்டர். நேத்து மதியமே மாத்தியாச்சு."

புதன்கிழமை பெரியவள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்த நிரல். இன்று திறந்தும் பாராமல் ஓட்டிய நிரல். இரண்டுக்கும் நடுவில் ஆள் மாறியிருக்கிறது.

"நான் ஓட்டுவேன்னு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருந்தேன்னா?"

"ரெண்டு மணிக்கு மேலாளர்கிட்ட போய் அழுதிருப்பேன். நம்பியிருப்பாரோ என்னவோ." சின்னவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "ஆனா நீங்க ஓட்டுவீங்கன்னு தெரியும்க்கா. நேத்து என் மூஞ்சியப் பாத்தீங்களே, அந்தப் பார்வை. இன்னொரு தடவ பாக்காம உங்களால இருக்க முடியாது. நானா இருந்தாலும் ஓட்டியிருப்பேன்."

பெரியவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வெள்ளிக்கிழமையார் கண்ணெதிரே பதினான்காவது முறையில் ஜெயித்தது. அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நேத்து தோத்துச்சே?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். சொல்ல மாட்டாள் போலிருந்தது. இதிலும் அவளே பெருந்தன்மையாக இருந்து தொலைப்பாள் என்ற நினைப்பே பெரியவளை உந்தித் தள்ளியது.

"நான்தான் தோக்க வச்சேன் சார். புதன்கிழமை காலைல. வேற தலைப்புப் போட்டு ஒரு அவசரத் திருத்தம் போட்டேன். அது ஓட்டையப் பெருசாக்கிடுச்சு. முறையா எழுத மூணு நாள் ஆகும்."

அவர் விரலை மடக்கி நாட்களை எண்ணினார். பிறகு, "புதன்கிழமை போகலாம்" என்றார். பதினோரு வருடத்தில் அவர் வாயில் வேறு கிழமை வந்து பெரியவள் கேட்டதில்லை. "திங்கக்கிழமை ஒரு அறிவிப்பு இருந்துச்சு மேடம். அத நான் எடுத்து உள்ள வச்சிடறேன்."

"தெரியும் சார்."

படிவத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் பெரியவளே தன் கையால் எழுதினாள். சிபாரிசுக் கடிதம் எழுதிய அதே வலது கை. சின்னவளின் முழுப் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, எழுத்து அழகாக வந்துவிட்டதே என்று எரிச்சல்பட்டாள்.

மாலையில் காரில் சின்னவள் பின் இருக்கைக் கதவைத் திறந்தாள்.

"நான் என்ன டிரைவரா? முன்னால வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது சிக்னலில் வாய் திறந்தாள்.

"நாளைக்கும் நாளான்னிக்கும் நான் கூட உக்காரவாக்கா? பிடிச்சுக்கிட்டுப் பாக்குறது, பிடிச்சதையே குடுக்கறது. நீங்க எழுதுங்க, நான் உடைச்சுக்கிட்டே வரேன்."

"உக்காரு. ஆனா என் ஃபோல்டர்ல எதையும் போடாத."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கண்ணாடியில் அது தெரிந்தது.

விளக்கு சிவப்பாகவே இருந்தது. நாற்காலி போனது வலிக்கிறதா என்று பெரியவள் தன்னைத்தானே தடவிப் பார்த்தாள். வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. தாங்காதது வேறு ஒன்று. அதே பேர், அதே ஃபோல்டர், உள்ளே மட்டும் வேறு நிரல். எவ்வளவு சுலபம்! எவ்வளவு சுத்தம்! பதினோரு வருடமாக இதே தொழிலில் இருக்கிறாள். அந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை?

விளக்கு பச்சையானது. இந்த முறை கவனித்துவிட்டாள்.